பாட்டியின் கிறிஸ்துமஸ் கேக் எனக்கு மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறது?

முதலில் உங்கள் கேள்வியை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். பாட்டி கைப்பட எழுதிய பழக் கேக் குறிப்பு உங்களிடம் இருக்கிறது. அதில் இருப்பது இவ்வளவுதான்: மாவு 2 கப், வெண்ணெய் ஒரு கட்டி, பிரவுன் சுகர் 1 கப், முட்டை 4, உலர்பழம் வேண்டிய மட்டும், வாசனைப் பொருள் கொஞ்சம், மிதமான சூட்டில் வேகும்வரை. மூன்று டிசம்பராகச் செய்து பார்த்துவிட்டீர்கள். முதல் வருஷம், குறிப்பில் பேக்கிங் பவுடர் இல்லையே என்று நீங்களாகவே 2 டீஸ்பூன் போட்டீர்கள். நடுவில் குழி விழுந்தது. அடுத்த வருஷம் அதை விட்டுவிட்டுச் செய்தீர்கள், உலர்ந்து உதிர்ந்தது. போன வருஷம் ஓரம் கருகியது, நடு வேகவில்லை. பாட்டி ஏதோ ஒரு பொருளை வேண்டுமென்றே எழுதாமல் விட்டிருப்பாரோ என்று சந்தேகம். கூடவே இன்னொரு கேள்வி: பாட்டி நவம்பரிலேயே கேக் செய்து, வாரம் ஒருமுறை பிராந்தி தெளித்து டின்னில் வைப்பாராம். இப்போது வீட்டில் சின்னக் குழந்தைகள் இருப்பதால் பிராந்தி இல்லாமல் அதேபோல் வைக்கலாமா என்கிறீர்கள். கடைசியாக, பால் ஃபட்ஜ் (பாலும் சர்க்கரையும் காய்ச்சிச் செய்யும் மென்மையான இனிப்பு) மணல் மாதிரி நறநறக்கிறது என்று ஒரு வரி.

கேக் தயாரிக்கும் சமையலறையில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தேன், அதன்பிறகு வகுப்பு எடுக்கிறேன். இதே கேள்வி ஒவ்வொரு டிசம்பரிலும் வேறு வேறு பாட்டிகளின் பெயரில் என்னிடம் வரும். பொருளை ஒளித்து வைத்த பாட்டி ஒருவரையும் இதுவரை நான் பார்த்ததில்லை. இருப்பதாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் நடப்பது வேறு. குறிப்பை அவர் உங்களுக்காக எழுதவில்லை, தனக்காக எழுதிக்கொண்டார். எந்தக் கப், எந்த டின், எவ்வளவு சூடு என்பது அவர் கைக்குத் தெரியும். மறந்துபோகக்கூடிய எண்களை மட்டும் தாளில் போட்டு வைத்தார். தாளில் இல்லாதது பொருள் அல்ல, பாத்திரம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் அம்மாவின் குறிப்பிலும் 'மாவு 2 கப்' என்றுதான் இருந்தது. தொழிலில் இருக்கும் திமிரில் 240 மில்லி அளவுக் கப்பை எடுத்து அளந்து, கேக்கைச் செங்கல்லாக்கினேன். இரண்டு வருஷம் கழித்து, அவர் மாவு டப்பாவுக்குள் போட்டு வைத்திருந்த பிடி உடைந்த டீ கப் கையில் கிடைத்தது. தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றினேன். 180 கிராம் காட்டியது. தண்ணீர் ஒரு கிராம் என்றால் ஒரு மில்லி, ஆகவே கப் 180 மில்லி. அத்தனை நாளும் மூன்றில் ஒரு பங்கு மாவைக் கூடுதலாகக் கொட்டியிருக்கிறேன்! நீங்களும் முதலில் அந்தக் கப்பைத் தேடுங்கள். சித்தி, மாமா யார் வீட்டு அலமாரியிலாவது இருக்கும்.

கிடைக்காவிட்டால்? அப்போது துப்பறியத்தான் வேண்டும். கப் என்ற சொல்லை நம்பவே முடியாது. அமெரிக்கக் கப் ஏறக்குறைய 237 மில்லி, மெட்ரிக் கப் 250, பழைய பிரிட்டிஷ் புத்தகங்களின் கப் 284. டேபிள்ஸ்பூன்கூட மற்ற இடங்களில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. போதாக்குறைக்கு, அதே கப்பை மாவுக்குள் அழுத்தி முகந்தால் 150 கிராம்வரை போகும், ஸ்பூனால் தூவி நிரப்பி வழித்தால் 125 கிராம்தான் நிற்கும். பிரவுன் சுகரை அமுக்கி அளந்தால் 200 கிராமுக்கு மேல், தளர்வாக அளந்தால் 150 கிராம் பக்கம். வெண்ணெய்க் கட்டியோ 100, 113, 227, 250 என்று எந்த எடையிலும் வரும்.

ஆனால் அந்தக் குறிப்பில் கப்பால் அளக்காத எண் ஒன்று இருக்கிறது: முட்டை 4. எண்ணிக்கை அவ்வளவு எளிதில் பொய் சொல்லாது. பெரிய முட்டையில் ஓடு நீங்கலாக ஏறக்குறைய 50 கிராம் இருக்கும், ஆக நான்கும் சேர்ந்து 200. இந்த வகைக் கேக்கின் அடித்தளம், வெண்ணெய், சர்க்கரை, மாவு, முட்டை நான்கையும் கிட்டத்தட்டச் சம எடையில் எடுப்பது. அது பழைய கணக்கு. 20 செ.மீ. வட்ட டின்னுக்கு மாவு 225 கிராம், வெண்ணெய் 225, பிரவுன் சுகர் 225, முட்டை 4, உலர்பழம் எல்லாம் சேர்த்து 900 கிராம் என்பது பிரிட்டிஷ் பாணியில் வெகுகாலமாகப் புழங்கும் அளவு. உங்கள் பாட்டியின் எண்களை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தூவி அளந்த 2 கப் மாவு, அமுக்கி அளந்த 1 கப் சர்க்கரை, 4 முட்டை என எல்லாம் பொருந்துகிறது. அப்படியானால் அந்த 'ஒரு கட்டி' 225 முதல் 250 கிராமுக்குள்தான் இருந்திருக்க வேண்டும், 113 கிராம் கட்டியாக இருக்க வாய்ப்புக் குறைவு. இது என் ஊகம், நிரூபணம் அல்ல. கப் கிடைத்து அது வேறு கதை சொன்னால், கப் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். முட்டையிலும் ஒரு எச்சரிக்கை. அவர் காலத்து முட்டை சின்னதாக இருந்து ஒன்றுக்கு 40 கிராம்தான் தேறியது என்றால், நான்கில் 40 கிராம் குறைந்துவிடும், அதாவது கிட்டத்தட்ட ஒரு முட்டை.

இனி உங்கள் மூன்று கேக்குகள். முதல் வருஷக் குழிக்குக் காரணம் அந்த 2 டீஸ்பூன் பேக்கிங் பவுடர் என்று துணிந்து சொல்வேன். மாவைவிட நாலு மடங்கு எடைக்குப் பழம் சுமக்கும் கேக் பஞ்சுபோல் எழும்ப வேண்டியதில்லை. வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்க அடிக்கும்போது உள்ளே போகும் காற்றும் முட்டையும் அதற்குப் போதும். கூடுதல் வாயு கிடைத்தால் மாவு அவசரமாக உப்பும், நடுப்பகுதி வெந்து இறுகுவதற்குள் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து உடையும், மேலே இருக்கும் பழத்தின் பாரம் அப்படியே கீழே இறங்கும். பாட்டி பேக்கிங் பவுடரை எழுதாததற்குக் காரணம் மறதி அல்ல. அவர் போடவில்லை. அப்புறம், பவுடர் கலந்தே விற்கும் 'செல்ஃப் ரெய்சிங்' மாவை எடுத்துவிட்டீர்களா என்றும் பாக்கெட்டைப் பாருங்கள்.

இரண்டாவது வருஷம் உதிர்ந்ததற்கு ஒன்றல்ல, மூன்று காரணங்கள் இருக்கலாம்: அமுக்கி அளந்த மாவு, அதிக நேரம் ஓவனில் இருந்தது, ஊறாத பழம். மூன்றில் எது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது. ஆனால் பழம் எப்படி இருந்தது என்று நீங்கள் எழுதவே இல்லை, அதனால் என் சந்தேகம் அதன் மேல்தான். உலர்திராட்சை தண்ணீருக்கு ஏங்கிக்கொண்டிருக்கும் பொருள். காய்ந்தபடியே மாவில் போட்டால், பக்கத்தில் இருக்கும் கேக்கின் ஈரத்தை வெந்த பிறகும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். முந்தைய நாள் இரவே ஊறிக் கொழுத்த பழமாக இருந்தால் ஓட்டம் திரும்பிவிடும்; பழத்திலிருந்து ஈரம் மெதுவாகக் கேக்குக்குள் கசியும். பழக் கேக் மூன்றாம் நாளைவிட மூன்றாம் வாரம் மிருதுவாக இருப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. செய்த அன்றே வெட்டிப் பார்த்து 'சரியில்லை' என்று தீர்ப்பு எழுதிவிட்டீர்களோ என்னவோ.

மூன்றாவது கேக்கின் குற்றவாளி 'மிதமான சூடு'. பழைய சமையல் புத்தகங்களில் மிதமான ஓவன் என்றால் 180 டிகிரி செல்சியஸ் பக்கம். நீங்களும் அதைத்தான் வைத்திருக்கிறீர்கள். சாதாரண ஸ்பான்ஞ் கேக்குக்கு அது சரி. பழம் அடைத்த கனத்த கேக்குக்கு 140 முதல் 150 டிகிரி போதும், கேஸ் ஓவனில் மார்க் 1 அல்லது 2. அந்தச் சூட்டில் 20 செ.மீ. கேக் வேக மூன்றரை முதல் நான்கரை மணி நேரம் ஆகும். உள்ளே விசிறி சுழலும் ஓவன் என்றால் இன்னும் 20 டிகிரி குறைக்க வேண்டும். 180-இல் வைத்தால் வெளிச்சுற்று முதலிலேயே இறுகிக் கருகத் தொடங்கும், சூடு நடுவுக்குப் போய்ச் சேர்வதற்குள் நீங்கள் பயந்து வெளியே எடுத்துவிடுவீர்கள். அப்படி இருக்க, பாட்டி ஏன் 'மிதமான' என்று எழுதினார்? அவர் ஓவனில் எண்ணே இல்லாமல் இருந்திருக்கலாம். ஒரு வெள்ளைத் தாளை உள்ளே வைத்து, அது எவ்வளவு நேரத்தில் எந்த நிறத்துக்குப் பழுக்கிறது என்று பார்த்துச் சூட்டை மதிப்பிட்ட காலம் அது. அவருடைய மிதம் உங்கள் ஓவனின் மிதம் அல்ல.

குமிழைத் திருப்பி வைத்த எண்ணையும் முழுக்க நம்பாதீர்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஓவன் 160 என்று காட்டும், உள்ளே தொங்கவிட்ட தெர்மாமீட்டர் 185 என்று சொல்லும். அது தெரியாமல் ஒரு வாரம் முழுக்கத் தீய்ந்த கேக்குகளுக்கு என்னைத்தான் திட்டினார்கள். ஓவனுக்குள் வைக்கும் சின்னத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். டின்னின் உள்பக்கம் பட்டர் பேப்பரை இரண்டு மடிப்பாகப் போடுங்கள், வெளிச்சுற்றில் பழுப்புத் தாளை இரண்டு சுற்றுச் சுற்றி நூலால் கட்டுங்கள், இரண்டு மணி நேரம் ஆனதும் மேலே ஒரு தாளை மூடுங்கள். அசட்டுத்தனமாகத் தெரியும், ஆனால் ஓரம் காய்வதைத் தடுக்க இதைவிட மலிவான வழி கிடையாது.

வெந்ததா என்று பார்க்கக் குச்சி குத்துவார்கள். குச்சி ஒரு திராட்சையைத் துளைத்து வந்தால் வெந்த கேக்கிலும் பிசுபிசுக்கும், அதனால் இரண்டு மூன்று இடத்தில் குத்துங்கள். குத்தும் தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 96 முதல் 98 டிகிரி வந்ததும் எடுக்கலாம். நான் இன்றும் காதைத்தான் நம்புகிறேன். டின்னைத் துணியோடு பிடித்து வெளியே எடுத்து, சூடு படாத தூரத்தில் காதைக் கொண்டுபோங்கள். வேகாத கேக் மெல்லக் கொதிக்கும் சாறு மாதிரி சளசளவென்று பேசிக்கொண்டிருக்கும். வெந்தது அநேகமாக அடங்கியிருக்கும், அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு 'டிக்' கேட்கும். உங்கள் பாட்டி டின்னைக் காதருகே வைத்துக்கொண்டு நின்றதை வீட்டில் யாராவது பார்த்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

பழம் அடியில் போய்த் தங்குகிறது என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் ஒரு வரியோடு விடுகிறேன்: மாவில் புரட்டிப் போடு என்ற அறிவுரையால் பெரிய பலன் கிடையாது, கலவை கெட்டியாக இருந்து, பழத்தைச் சின்னதாக நறுக்கி, பாகில் ஊறிய செர்ரியைக் கழுவித் துடைத்துப் போட்டால் இறங்காது.

இனி பிராந்தி. 'ஓவனில் வைத்தால் ஆல்கஹால் எல்லாம் பறந்துவிடும்' என்பது நம்பி மோசம் போக வேண்டாத பேச்சு. அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி, கலவையில் சேர்த்து 1 மணி நேரம் வெந்த பிறகும் கால் பங்கு ஆல்கஹால் தங்குகிறது, 2 மணி நேரத்தில் 10 சதவீதம், இரண்டரை மணியில் 5 சதவீதம். நான்கு மணி நேரம் வேகும் கேக்கில் பழம் ஊறிய பிராந்தி பெரும்பாலும் போய்விடும் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பாட்டி செய்தது வேறு, வெந்த பிறகு வாராவாரம் தெளித்தார். அது எங்கும் போவதில்லை. வாரம் 2 டேபிள்ஸ்பூன் வீதம் நான்கு வாரம் என்றால் 120 மில்லி, அதில் 40 சதவீதம் என்றால் 48 மில்லி ஆல்கஹால். கேக்கை 24 துண்டு போட்டால் ஒரு துண்டுக்கு அதிகபட்சம் 2 மில்லி. பெரியவர்களுக்கு இது ஒன்றுமில்லை. சின்னக் குழந்தைக்கு நான் கொடுக்க மாட்டேன், நீங்களும் யோசித்துத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

சரி, பிராந்திக்குப் பதில் ஆரஞ்சுச் சாற்றைத் தெளித்து டின்னில் வைத்தால்? தயவுசெய்து வேண்டாம். இந்தப் பதிலில் ஒரே ஒரு இடத்தை அழுத்திச் சொல்வதானால் இதைத்தான் சொல்வேன். பழக் கேக் கெடாமல் இருப்பதற்கு முதல் காரணம் பிராந்தி அல்ல, சர்க்கரையும் உலர்பழமும். அவை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கிருமிகளுக்கு எட்டுவதில்லை. மேலே தெளிக்கும் பிராந்தி, பூஞ்சை முதலில் பிடிக்கிற மேற்பரப்பைக் காவல் காக்கிறது. சாறு தெளித்தால் காவலும் இல்லை, கூடுதலாகத் தண்ணீரையும் கொண்டுபோய்ச் சேர்த்த மாதிரி ஆகும். இரண்டாவது வாரத்திலேயே பச்சைப் புள்ளிகள் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். வந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டுச் சாப்பிடவும் கூடாது, மெத்தென்ற பண்டத்தில் பூஞ்சையின் இழை கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போயிருக்கும்.

பிராந்தி இல்லாமல் செய்ய நான் சொல்லும் வழி இது. 900 கிராம் பழத்துக்கு 150 மில்லி சூடான கறுப்புத் தேநீரோ ஆரஞ்சுச் சாறோ ஊற்றி, மூடி, ஒரு இரவு வையுங்கள். சாறு என்றால் பாத்திரத்தைக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள், காலையில் எடுத்து, குளிர் விட்ட பிறகு மாவில் சேர்க்கலாம். அத்தனையும் உறிஞ்சப்பட்டிருக்க வேண்டும். அடியில் நின்றால் வடித்துவிடுங்கள். கேக் முழுக்க ஆறிய பிறகு, பட்டர் பேப்பரில் சுற்றி அதன்மேல் அலுமினியத் தாள் சுற்றிக் குளிர்பெட்டியில் ஒரு வாரம் வையுங்கள், சுவை கூடி வரும். அதற்கும் முன்பே செய்ய வேண்டுமானால் அதே சுற்றலோடு ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். மைனஸ் 18 டிகிரியில் மூன்று மாதம் தாராளமாக நிற்கும். சாப்பிடும் முந்தைய நாள், சுற்றியது சுற்றியபடியே வெளியே எடுத்து வையுங்கள். திறந்து வைத்தால் ஈரம் கேக்கின் மேலேயே படியும். பிராந்தியில் ஊறிய கேக்கின் ஆழம் இதில் வராது, வரும் என்று உங்களை ஏமாற்ற மாட்டேன். என் வீட்டில் கலவையை இரண்டாகப் பிரித்து, பெரியவர்களுக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று என்று செய்கிறோம். பெரியவர்களுடையதில் மட்டும் பெயர் எழுதி ஒட்டிவிடுவோம்.

குழந்தைகள் பக்கத்தில் நிற்பார்கள் என்பதால் இன்னொன்று. பாத்திரத்தில் ஒட்டிய வேகாத கலவையை விரலால் வழித்துச் சாப்பிட விடாதீர்கள். முட்டையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும்; பச்சை மாவிலும் கிருமி இருக்கலாம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஜாதிக்காயையும் சிட்டிகையோடு நிறுத்துங்கள், அது ஸ்பூன் கணக்கில் போடும் பொருள் அல்ல.

ஃபட்ஜ் விஷயத்தில் ஊகத்துக்கு வேலையே இல்லை, அது முழுக்கச் சூட்டுக் கணக்கு. நறநறப்பு என்பது பெரிதாக வளர்ந்துவிட்ட சர்க்கரைப் படிகம். சர்க்கரை முழுக்கக் கரைந்த பிறகே கொதிக்க விடுங்கள், சட்டியின் ஓரத்தில் ஒட்டியதை ஈரத் தூரிகையால் கீழே தள்ளுங்கள். பாகு 112 முதல் 116 டிகிரிக்குள் வந்ததும் இறக்குங்கள். இறக்கியவுடன் கிண்டத் தோன்றும், அங்கேதான் தப்பு நடக்கிறது. கையே வைக்காமல் 45 டிகிரிக்கு ஆற விட்டு, அதன்பிறகு பளபளப்புப் போகும்வரை விடாமல் அடித்தால் படிகம் நாக்குக்குத் தெரியாத அளவில் பொடியாக நிற்கும். தெர்மாமீட்டரைக் கொதிக்கும் தண்ணீரில் வைத்துப் பாருங்கள், கடல் மட்டத்தில் 100 காட்ட வேண்டும். மலைப்பகுதியில் இருந்தால் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் குறையும், பாகின் எண்ணிலும் அதையே கழித்துக்கொள்ளுங்கள்.

கேக்குக்கு வருவோம். டிசம்பர் வரும்வரை காத்திருந்து முழு அளவில் செய்யாதீர்கள். பாதி அளவை 15 செ.மீ. டின்னில் போட்டால் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும், இரண்டு மணி நேரம் ஆனதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதைக் கிராமில் எழுதி வையுங்கள். முதல் தடவை 225 கணக்கின்படி, பேக்கிங் பவுடர் இல்லாமல், ஊறிய பழத்தோடு, 145 டிகிரியில். அப்போது கேக் சரியாக வரும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அது பாட்டியின் கேக்காக இருக்குமா என்பது வேறு கேள்வி. 'வாசனைப் பொருள் கொஞ்சம்' என்ற இடத்தில் அவர் பட்டையை அதிகம் போட்டாரா கிராம்பையா என்பதை உங்கள் வீட்டில் அதைச் சாப்பிட்டு வளர்ந்த நாக்குகள்தான் சொல்ல முடியும். அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஒரே கலவையை மூன்று சின்னக் கிண்ணங்களில் மூன்று விதமான வாசனையோடு சுட்டுக் கொடுங்கள். எது என்று சொல்லாமல் கொடுங்கள், இல்லாவிட்டால் பெரியவர்கள் பேச்சுக்கு மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள்.

அந்தத் தாளின் பின்பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். எண்ணெய்க் கறையோ டின் வைத்த வட்டத் தடமோ இருந்தால் அளவுகோல் வைத்து அளந்து எழுதுங்கள். விட்டம் தெரிந்தால் மாவு எவ்வளவு இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.